முட்டு வலிக்கும் பேய்

பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இசக்கிசெல்வி சிறுமியாக இருந்தபோது, டிவியில் ஒரு சிரிப்புப் பேய்ப்படம் போட்டார்கள். வெள்ளைச்சேலைப் பேய் கிணற்றிலிருந்து எழும்பியதும் அவள் அலறிய அலறலில் அம்மா ஓடிவந்தாள். பேய் வெளியே வந்துவிடாமல் இருக்க டிவிப் பெட்டியின் நெற்றியில் திருநீறு பூசி, அணைத்தும்விட்டாள். பிறகு எப்போது அந்தப் படம் வந்தாலும் இதே கதைதான். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்த பின்னும் அந்தக் கிணற்றுக் காட்சியைத் தாண்டி அவள் பார்த்ததில்லை.

அன்று ஹோட்டலில் பகல் முழுக்க நின்று பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவள், சுவரில் சாய்ந்து கால் நீட்டினாள். மகள் ஷிஜா பார்த்துக்கொண்டிருந்தது அதே படம். கிணறு வந்துவிட்டது.

“அணைச்சிரு மக்கா.”

“இப்பவும் பேய்ன்னா பேடியா அம்மா? பேரு மட்டும் இசக்கியம்மன் பேரு! பேய்தானே ஒன்னைக் கண்டு ஓடணும்?”

எழுந்துபோய் அணைக்க உடம்பில் தெம்பில்லை. “முருகா” என்று கண்ணை மூடிக்கொண்டாள். பேய்க்கு மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் நில்லுடா, முட்டு வலிக்குது.”

கண்ணைத் திறந்தாள். துரத்திவந்த பேய் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தது. பயந்து ஓடியவனே அதற்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்தான்.

இசக்கிசெல்விக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “பாவம்டி, அதுக்கும் முடியல்ல.”

இப்போதெல்லாம் அந்தப் படம் வந்தால் மகளை அவள்தான் கூப்பிடுகிறாள். பேய் படியில் உட்கார்ந்ததும் தன் முட்டில் திருநீறு பூசிக்கொள்வாள். விரலில் மிச்சமிருப்பதை, டிவியில் அதன் முட்டிலும் பூசிவிடுவாள்.