கச்சான் சரையில் வந்த பாட்டு

நீர்வேலித் தில்லைநாதனிடம் நானூறு வாழையும் ஒரு பியானோவும் இருந்தன. வாழையை ஊர் மதித்தது. பியானோ, அதைப் படிப்பித்த யசிந்தா ரீச்சர் எண்பத்துநாலில் கனடாவுக்குப் போகும்போது தன் ஒரே மாணவனான அவனுக்கு விட்டுப்போனது.

அதில் அவன் சொந்தமாகப் பாட்டுக் கட்டினான். சினிமா மெட்டுமில்லை, தேவாரமுமில்லை. தொடக்கத்தில் முணுமுணுப்பு, நடுவில் கட்டைகளை இடித்தபடி ஒரு கத்தல்.

"ஆருக்கப்பா வயித்துக்குத்து?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள்.

தொண்ணூறில் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. இசைக்குழுக்களின் கித்தாரும் ஓர்கனும் ஊமையாக, கரண்ட் கேளாத பியானோ மாட்டுவண்டிலில் திருவிழாத் திருவிழாவாகப் போனது. அறுந்த தந்திக்குச் சைக்கிள் பிறேக் கம்பி. ஆனால் சபையிலிருந்து மேடைக்கு வந்த துண்டுத் தாள்கள் எல்லாம் சினிமாப் பாட்டையே கேட்டன. அவன் தன் பாட்டைத் தொடங்கினால் சனம் கச்சான் கடலை வாங்க எழும்பிவிடும். ஒரேயொரு பாட்டையாவது கடைசி வரிவரைக்கும் கேட்கமாட்டார்களா என்பதுதான் அவன் ஏக்கம்.

தொண்ணூற்றுமூன்றில், நெல்லியடிப் பக்கத்துக் கோயிலுக்குப் புறப்படும்போது மனைவி இராசமலரைக் கேட்டான்.

"இஞ்சேரும், என்ரை பாட்டுக் கொப்பியள் எங்கை?"

"கச்சான்காரக் கதிரவேலண்ணைக்குக் குடுத்திட்டன். சரை சுத்த அவரிட்டைப் பேப்பர் இல்லையாம். ரண்டு கொத்துக் கச்சான் தந்தவர்."

"பத்து வருசப் பாட்டப்பா!"

"ஓம், கச்சானும் நல்ல வறுவல்."

பின்னேரம் மேடைக்கு ஒரு துண்டு வந்தது. உப்புப் படிந்த தாள். ஒரு பக்கம் அவனுடைய கையெழுத்து, மகளுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் மாமியின் பாட்டு. மறுபக்கம்: 'இதைப் பாடவும்.'

தாளைப் பியானோவில் சாய்த்துவைத்துப் பாடினான். எட்டு வரியில் தாள் முடிந்தது. பதற்றத்தில் மிச்சம் ஞாபகத்துக்கு வரவில்லை.

"மாப்பிள்ளை கிடைச்சவரோ இல்லையோ?" என்று ஒருவர் கத்தினார்.

"மிச்சம் ஆரின்ரை சரையிலை?" என்றார் இன்னொருவர்.

"இந்தா, என்னட்டை!" ஒரு பெண் கச்சானை மடியில் கொட்டிவிட்டு உரக்க வாசித்தாள். அவன் பாடினான். இன்னொரு சரை, இன்னும் நாலு வரி. கடைசி வரியை மட்டும் காணவில்லை. சனம் கதிரவேலுவின் கடகப்பெட்டியை மொய்த்தது.

"வாங்கிப்போட்டுச் சரையைப் பிரியுங்கோ!" என்று அவர் அலறினார்.

கடகத்தின் அடியில் கிடந்த சரையில் அது இருந்தது. வாய் நிறையக் கச்சானோடு சபை அடங்கியது.

"வந்தவன் கேட்டது வீடும் வளவும்,
பெட்டை கேட்டது அவன்ரை சைக்கிள்!"

கைதட்டலில் கச்சான் கோது பறந்தது.

மறுநாள் விடியவே கதிரவேலு படலையைத் தட்டினார்.

"தம்பி, புதுசா ஏதும் எழுதினனீரோ? கொஞ்சம் நீட்டுப் பாட்டாப் பாத்து எழுதும்."