மாடியில் நின்ற கம்பிகள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எனக்கு இரண்டு கடைகள் கொண்ட ஒரு கட்டடம் இருக்கிறது. ஒன்றில் நான் உரமும் விதையும் விற்கிறேன். இன்னொன்றில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிற ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். மொட்டை மாடியில் ஆறு தூண்களின் கம்பிகளும் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. எங்கள் பக்கத்தில் அப்படி நிற்காத கட்டடம் குறைவு. என்றைக்காவது மேலே ஒரு மாடி எழுப்புவோம் என்று எல்லாரும் விட்டுவைப்பதுதான். அதுவரை அதில் துணி காயும். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் நம்மைக் கேட்காமலேயே பேனர் கட்டிவிட்டுப் போவார்கள்.

என் கம்பிகளுக்குச் சொந்தக்காரன் என் தம்பி. கட்டடத்தை எழுப்பியது எங்கள் நைனா. "கீய அக்காவுக்கு, மேல தம்பிக்கு" என்று வாயால்தான் சொன்னார், எழுதி வைக்கவில்லை. மனையை என் பேரில்தான் வாங்கியிருந்தார், அவர் போன பிறகும் பத்திரம் என் பேரிலேயே நின்றது. தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், அது எனக்கு நன்றாகவே வரும். கேட்காமல் இருப்பவனை என்ன செய்வது?

அவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். வாலாஜாபாத்தில் வாடகை வீடு. பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்தால் காபி குடிப்பதற்கு முன்பே மாடிக்குப் போய்விடுவான். ஒவ்வொரு தூணாகப் போய்க் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பான். அப்புறம்தான் இறங்கி வருவான். எண்ணிப் பார்க்கிறான், ஒன்று குறைந்தாலும் அக்கா என் மாடியை முழுங்கிவிட்டாள் என்பான், என்று நான் கீழே நின்று பல்லைக் கடிப்பேன்.

இந்த நிலைமையில் கட்டடம் ஒழுக ஆரம்பித்தது. ஒழுகியது என் உரக்கடையில் இல்லை, ஆரிக்காரப் பெண்ணின் கடையில். மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தூணடியில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார். சிமெண்ட் பிஸ்கட்டாட்டம் பெயர்ந்து வந்தது.

"யக்கா, கம்பி துருப் புடிச்சி ஊதிக்கிச்சி. சிமெண்ட்டப் பொளந்துகினு அது வழியாவே தண்ணி கீய எறங்குது. கம்பிய அறுத்துட்டு, தூண் தலைய மூடி, தண்ணி ஓட நல்லா வாட்டம் குடுத்து, தளம் முழுக்க தட்டோடு, அதான் சதுர ஓடு, பதிக்கணும். வேற இன்னா பண்ணாலும் வேஸ்ட்டு" என்றார்.

கம்பியை அறுக்காமல் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெயிண்ட் கடைக்காரர் ஒரு பூச்சைச் சொன்னார். அதைப் பூசினேன், தளம் வெள்ளையாக ஆனது, கம்பியடி மட்டும் ஒழுகியது. மாடி முழுக்கத் தகர ஷீட் போடலாம் என்றார் இன்னொருவர். அப்புறம் தம்பி எங்கே மாடி கட்டுவான்? வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியில் நானே ஏறி, கம்பியடியில் தார் ஊற்றி, ஒவ்வொரு கம்பி முனையிலும் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். அப்படியே மூன்று மழைக்காலம் ஓட்டினேன்.

போன ஐப்பசி மழையில் துருத் தண்ணீர் ஒரு முகூர்த்த ரவிக்கையின் கைமேல் சொட்டிவிட்டது. அரக்குப் பட்டு, கை முழுக்க மணி வைத்துத் தைத்தது. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு மணியாகப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"மீதித் துணி கீது, வேற கை வெச்சிக் குடுத்துடுவேன். ஆனா அடுத்த மழைக்கு நான் இங்க இருக்கமாட்டேங்கா. இன்னொருத்தர் வூட்டு முகூர்த்தத் துணிய மடில வெச்சிகினு எத்தினி நாளு மேலயே பாத்துகினு குந்தியிருக்கிறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மழையில் ஒதுங்க இடமில்லாமல் நின்ற மாதிரி இருந்தது. தம்பிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை.

வந்தான். வழக்கம்போல நேராக மாடிக்குப் போனான். இந்த முறை நானும் பின்னாலேயே ஏறினேன். அவன் முதல் தூணின் கம்பியைப் பிடித்தான். ஒரு துண்டு ஒடிந்து கையோடு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசிவிட்டான்.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே? இத்தெல்லாம் அறுத்துப் போட்டுடு. நான் மேல கட்டப் போறதில்ல. வாலாஜாபாத்துலயே சின்னதா ஒரு வூடு கட்டிட்டேன்."

"எப்போடா?"

"தை மாசமே முடிஞ்சிது. பூட்டிதான் வெச்சிருக்கேன். உனுக்குச் சொல்லாம எப்பிடிப் பால் காச்சறது? சொல்லலாம்னு ஒவ்வொருவாட்டியும் வருவேன். நீ எனக்கோசரம் பாட்டிலெல்லாம் கவுத்து வெச்சிகினு கீறியே, அத்தப் பாத்தா வாய் வரல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்புறம் இன்னாத்துக்குடா வரும்போதெல்லாம் கம்பியப் புடிச்சி ஆட்டிகினு இருந்த?"

"துரு எவ்ளோ ஏறிக்கீதுன்னு பாப்பேன். காத்துல முறிஞ்சி உன் தலமேல வியுந்துட்டா இன்னா பண்றது?"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் பங்கைக் காப்பாற்றத்தான் அதுவரை கம்பியை விட்டுவைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் நிஜம். என்றைக்காவது அவன் பெண்டாட்டி பிள்ளையோடு என் தலைக்கு மேலே குடிவருவான், சாயங்காலம் படியில் நின்று கூப்பிட்டால் இறங்கி வருவான் என்று ஆசை வைத்திருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வெய்யில் வந்ததும் மேஸ்திரி கம்பிகளை அறுத்தார். தூண் தலைகளை மூடினார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாட்டம் பார்த்துத் தட்டோடு பதித்து, இடுக்குகளைப் பூசினார். வாலாஜாபாத்தில் பால் காய்ச்சினார்கள். அடுப்பைப் பற்றவைத்தது நான்தான். ஆரிக்காரப் பெண் காலி செய்யவில்லை. இந்த வருஷ மழைக்கு அவள் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

வேலை முடிந்த அன்று தம்பியும் வந்திருந்தான். மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்: தண்ணீர் போகிற குழாய் வாயில் வேப்பிலை அடைத்தால் தட்டோடு போட்டும் பிரயோஜனமில்லை, மழைக்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும், நடுவிலும் பார்க்க வேண்டும். யாராவது ஆள் வைக்கிறேன் என்றேன்.

"ஆளெல்லாம் வெக்காத. நான் வரேன்" என்றான் தம்பி. மாடிக் கதவுச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இருப்பது அந்த ஒரு சாவிதான். இப்போது நான் மாடியில் வற்றல் காயப்போட வேண்டும் என்றால்கூட வாலாஜாபாத்துக்குப் போன் போட வேண்டியிருக்கிறது. இன்னொரு சாவி செய்துகொள்ளேன் என்கிறாள் ஆரிக்காரப் பெண். நான் செய்யப் போவதில்லை.