பிடிமண்ணோடு போனவன்

இது நடந்த கதை. கேட்டால் சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் துரை சிரிக்க மாட்டான். இதில் என் கைச்சரக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. நேரத்தைக்கூடச் சொல்கிறேன், வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்.

துரையின் முழுப்பெயர் இசக்கித்துரை. வயது முப்பத்து மூன்று. சங்கரன்கோவில் கோமதி ஸ்போர்ட்டிங் கால்பந்து அணியின் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோகாமல் பந்து உதைக்கிற கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மாதச் சம்பளம், தனி வேன், லீக் மேட்ச் என்று முறையாக நடந்த அணி. ஒன்பது வருடம் ஒன்றாம் நம்பர் ஜெர்சி அவன் முதுகில்தான் இருந்தது.

போன வருடம் அணியின் முதலாளி முத்துக்கிருஷ்ணன் அண்ணாச்சி ஒரு முடிவு எடுத்தார். இங்கே ஆட்டம் பார்க்க ஆள் வருவதில்லை. கடையநல்லூரில் வளைகுடாவில் சம்பாதித்த நாலு பேர் சேர்ந்து கேலரி கட்டி, புல் வளர்த்து, அணிக்காகக் காத்திருந்தார்கள். கைமாற்றிக் கொடுத்துவிட்டார். பெயரில் கோமதி போய்க் கடையநல்லூர் வந்தது. அத்தனை ஆட்டக்காரர்களும் பெட்டியைக் கட்டினார்கள். துரையை மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். முழங்கால் சரியில்லையாம்.

அவன் இடம் பிரவின்ராஜுக்குப் போனது. மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்த இரண்டாவது கோல்கீப்பர். பஸ் ஸ்டாண்டு முன்னால் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். ஒன்றாம் நம்பர் ஜெர்சியில் பிரவின்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். துரை அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டான். வயிறு எரிந்தது. பொறாமை என்று வெளியே சொல்ல முடியுமா? முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு வீட்டில் கிடந்தான்.

அணி கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார்.

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரை விட்டுப் போகிறவர்கள் சாமியையும் கூட்டிப் போக வேண்டுமென்றால், சாமி நிற்கிற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டு, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோவார்கள். மண்ணைப் போட்ட இடத்தில் சாமி வந்து நிற்கும். அதுதான் பிடிமண். அண்ணாச்சிக்கு அணியையும் அப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. கடையநல்லூர்க்காரர்களும், உங்க திருப்திக்குச் செய்ங்க என்று சொல்லிவிட்டார்கள்.

"நீதான் கிரவுண்டுக்குப் பக்கத்துல இருக்க. நடு கிரவுண்டுல ஒரு பிடி எடுத்துட்டு வாலே."

"கூப்பிடுததுக்கு அங்க என்ன சாமி இருக்கு அண்ணாச்சி?"

"சும்மா எடு, போதும்."

வெள்ளிக்கிழமை. உச்சி வேளை, சரியாகப் பன்னிரண்டு மணி. துரை நடு கிரவுண்டுக்குப் போகவில்லை. நேரே கோல் கம்பத்துக்குப் போனான். கம்பங்களுக்கு நடுவில் அவன் ஒன்பது வருடம் நின்று குதிகால் பட்டுப் பள்ளம் விழுந்த இடம். மண்டி போட்டான். கரிசல் மண் கையைச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது அவனுக்கே ஆத்திரமாக இருந்தது. அங்கே கூப்பிட ஒரு சாமியும் இல்லை. அதனால் தன் பெயரையே கூப்பிட்டான்.

"ஏலே இசக்கித்துரை, நீ போலே. அது உன் எடம். அவன நிக்க விடாத."

ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் காற்று நின்றது. வேப்பமரத்தில் கத்திக்கொண்டிருந்த காக்கையும் வாயை மூடியது.

"ம்..."

தன் தொண்டையிலிருந்து வந்ததா, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. மண்ணை முடிந்துகொண்டு வந்துவிட்டான். அண்ணாச்சி அதைப் பாதிப் பாதியாகப் பிரித்து, புது மைதானத்தின் இரண்டு கோல்களிலும் புதைத்தார்.

முதல் மேட்ச் அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. துரை போகவில்லை. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஸ்கோர் பார்க்கலாம் என்று இருந்தான். 4:29க்குக் கண் சொருகியது. பகலில் தூங்குகிற ஆள் இல்லை அவன். எழுந்தபோது 6:20. உள்ளங்கை இரண்டும் சிவந்து காந்தின. நகக்கண்ணில் மண். நம்ம ஊர்க் கரிசல் இல்லை... செம்மண்.

ஸ்கோர் பார்த்தான். கடையநல்லூர் ஜெயித்திருந்தது. எதிரணி ஒரு கோல்கூடப் போடவில்லை. சுவர் மாதிரி நின்றார் பிரவின்ராஜ் என்று போட்டிருந்தார்கள். கை எரிச்சல் மறந்துபோய் வயிற்றெரிச்சல் வந்தது.

அடுத்த ஞாயிறும் அதேதான். 4:29க்குத் தூக்கம். இந்தத் தடவை மனைவி பிரேமலதா பக்கத்தில் இருந்தாள்.

"என்ன தூக்கம் அது? உக்காந்தபடியே ரெண்டு கையையும் விரிச்சு வச்சிருந்திய. அஞ்சு பதினொண்ணுக்கு எடது பக்கமா ஒரே பாய்ச்சல். சேரோட விழுந்திய. அப்பவும் முழிக்கல."

துரை போனை எடுத்தான். 5:11க்குக் கடையநல்லூருக்கு எதிராகப் பெனால்ட்டி. இடது பக்கம் பாய்ந்து தடுத்திருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் பூசாரியைத் தேடி ஓடியிருப்பான். துரைக்குச் சந்தோஷம் பொங்கியது. தடுத்தது நான்! என் கை! கைதட்டல் மட்டும் பிரவின்ராஜுக்கா? அதுதான் பொறுக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆசையாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். 4:29. தூக்கம் வரவில்லை. 4:45. வரவில்லை. 5:30... கண்ணை இறுக மூடிப் பார்த்தான். ம்ஹூம். கை குளிர்ந்துதான் கிடந்தது. அன்றைக்கும் கடையநல்லூருக்கு எதிராக ஒரு கோல் விழவில்லை.

அவன் அனுப்பியது, அவன் இல்லாமலே ஆடுகிறது.

இரவு ஏழரைக்குப் போன் அடித்தது. பிரவின்ராஜ். குரல் உடைந்திருந்தது.

"அண்ணே... ஏண்ணே இப்படிப் பண்ணுதிய?"

"நான் என்னலே பண்ணேன்?"

"மேட்ச் தொடங்குனா எனக்கு முன்னால வந்து நிக்கிய. நான் கையத் தூக்குறதுக்குள்ள உங்க கை போகுது. வேற யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியுது. தள்ளி விடுதியண்ணே... மூச்சு முட்டுது. எனக்குப் பேரே வேண்டாம். என்ன நிக்க விடுங்க."

துரை போனை வைத்துவிட்டான். அவனுக்கு இப்போது பிரவின்ராஜ் மேல் கோபம் இல்லை. அங்கே நிற்கிறானே, அவன் மேல்தான். தன்னை விட்டுவிட்டுத் தன் இடத்தில் தனியாக நிற்கிறவன் மேல். அவனுக்கு முழங்கால் வலிக்காது. அவனை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

புதன்கிழமை, வீட்டில் சொல்லாமல் கிளம்பினான். 10:20க்குப் புளியங்குடி வழியாகப் போகிற பஸ். மைதானத்துக்குள் போனபோது 11:58. கேட் திறந்திருந்தது. வெயில் கொளுத்தியது. கேலரியில் ஒரு ஈ காக்கை இல்லை.

டப்... டப்...

கிளவுஸ் போட்ட கைகளைத் தட்டுகிற சத்தம்.

மேற்குப் பக்கக் கோலில் ஒருவன் நின்றான். முதுகு தெரிந்தது. மஞ்சள் ஜெர்சி. ஒன்றாம் நம்பர்.

இடது கம்பத்தை இரண்டு தடவை தொட்டான். குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தான். ஒன்பது வருடம் துரை செய்தது.

கிழித்த இடத்தில் கோடு விழவில்லை.

அவனுக்கு நிழலும் இல்லை. உச்சி வெயில், அதனால்தான் என்று துரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் கம்பத்துக்கு நிழல் இருந்தது. காலடியில் குட்டையாக...

அது திரும்பியது.

துரையின் முகம்.

அந்தக் கண்ணை அவனுக்குத் தெரியும். பிளெக்ஸில் பிரவின்ராஜைப் பார்த்தபோது தன் கண் எப்படி இருந்திருக்குமோ, அப்படி.

"எடம் இல்ல," என்றது. "இங்கன ஆள் இருக்கு."

துரையால் ஓட முடியவில்லை.

கூப்பிட்டு வந்ததுதானே... அனுப்பினால் போகும்.

"ஏலே இசக்கித்துரை... வீட்டுக்குப் போலே."

அது அசையவில்லை.

"ஏலே இசக்கித்துரை... வீட்டுக்குப் போ."

தலையைச் சாய்த்துக் கேட்டது.

"இசக்கித்துரை... வீட்டுக்குப் போயிரு..."

"ம்..."

சிரித்தது.

வலை ஆடியது. யாரும் இல்லை.

மணி 12:06.

துரை ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்தான். பஸ் கிடைக்க ஒன்றே கால் ஆனது. வீட்டு வாசலை மிதித்தபோது 2:55. பசி. சோறு கேட்டான். பிரேமலதா சிரித்துக்கொண்டே போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்சில் கடையநல்லூர் மூன்று கோல் வாங்கித் தோற்றது. ஆறரைக்குப் பிரவின்ராஜ் போன் பண்ணினான். தோற்றவன் குரலா அது!

"இன்னைக்கு நான்தாண்ணே நின்னேன். மூணும் என் தப்புதான். ரொம்ப நன்றிண்ணே."

"நல்லா ஆடு மக்கா," என்றான் துரை. மனசாரச் சொன்னான். வயிற்றில் அந்த எரிச்சல் இல்லை. எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் லேசாக இருந்தது. பிரேமலதாவை உட்கார வைத்து, பிடிமண் எடுத்தது முதல் புதன்கிழமை வரை ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"புதன்கெழம கடையநல்லூருக்குப் போனியளா?"

"ஆமா."

"எத்தன மணிக்கு அங்கன இருந்திய?"

"பன்னெண்டு. ஏன்?"

"பன்னெண்டு பத்துக்கு நீங்க இங்கன வந்தியளே..."

"நானா? இங்கனயா?"

"பின்வாசல் வழியா வந்திய. சோறு போட்டேன். மூணு தடவ கொழம்பு வாங்கிச் சாப்பிட்டிய. பெறகு எம் பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருந்திய. கல்யாணமாகி ஏழு வருசத்துல நீங்க எங்கிட்ட அப்படிப் பேசுனதே இல்ல. மூணு மணி ஆகப்போகுதுன்னதும் எந்திரிச்சிய. பின்வாசல் வழியா போனிய. அஞ்சு நிமிசத்துல முன்வாசல்ல வந்து மறுபடி சோறு கேட்டிய. அதான் சிரிச்சேன்."

அணைந்துபோனது என்று நினைத்த எரிச்சல் குபீரென்று பற்றியது.

"போகும்போது... என்னமும் சொன்னானா?"

"'அவன் வந்துருவான்'னிய. யாருன்னு கேட்டேன். சிரிச்சிய. 'இந்த எடம் அதவிட நல்லாருக்கு'ன்னிய. நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்."

வியாழன், வெள்ளி, சனி. மூன்று நாளும் துரை வேலை தேடி ராஜபாளையம் போயிருந்தான். காலையில் போனால் பொழுது சாயத்தான் வந்தான்.

"அந்த மூணு நாளும்... மத்தியானம்?"

பிரேமலதா பின்வாசலைப் பார்த்தாள்.

"ஏட்டி... வந்தானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதானேன்னு நெனச்சேன்," என்றாள்.