நிற்குமா என்று கேட்டவர்

சாலையைக் கடக்கும் இடத்தில் வந்து நின்றதும் "சிவப்பு" என்பார். சத்தம் போட்டுச் சொல்வதில்லை, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான். விளக்கு மாறியதும் "பச்சை" என்பார். ஆனால் காலை எடுத்து வைக்க மாட்டார். யாராவது ஒருவர் அதையே திருப்பி "பச்சை" என்று சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? அவரவருக்கு அவரவர் அவசரம். மகள் கூட வந்தால் அவள் சொல்லுவாள். வராத நாளில் அந்த மனிதர் நின்றது நின்றபடி இருப்பார், விளக்கு மறுபடி சிவந்துவிடும். தெருவில் அவருக்குச் சிக்னல்காரர் என்று பேர் விழுந்தது இப்படித்தான்.

இருபத்தாறு வருஷம் ரயில் ஓட்டியவர். எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் சிக்னலைப் பார்த்துச் சொன்னால் மற்றவர் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு கண் ஏமாந்தாலும் இன்னொரு கண் ஏமாறக் கூடாது என்று வைத்த ஏற்பாடு அது. வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நாக்கு மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

காலையில் எழுந்து முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். போக ஓர் இடமும் கிடையாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வார், ஏனென்றால் அந்த ஜன்னலில் பார்த்தால் ரயில் பாலம் தெரியும். கண்ணுக்கு முதுகைக் காட்டலாம், காதுக்கு என்ன செய்வது? தூரத்தில் சத்தம் எழும்பியதும் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். சத்தம் கடந்து போகிற வரைக்கும் பாத்திரம் கழுவுகிறவர் மாதிரி நிற்பார். பாதி நாள் அது கழுவிக் கவிழ்த்த பாத்திரமாகவே இருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். பனி மூடிய ஒரு காலை. தண்டவாளத்தில் ஒருவன் குனிந்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துத் தடத்தில் வேறொரு ரயில் இரைந்துகொண்டு போனதால் இவர் அடித்த ஹாரன் அவனுக்கு எட்டவில்லை. இவர் பிரேக்கைப் போட்டார். போட்டது போட்டதுதான், ரயில் நின்றது அவனைத் தாண்டி ஐந்நூறு மீட்டர் போய். குனிந்திருந்தவனைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, நிமிர்ந்து நின்றவனைப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. விசாரணை நடத்தி, உங்கள் மேல் குற்றமில்லை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவர் பத்திரப்படுத்தவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அலமாரியின் மேலே கிடந்து தூசி தின்கிறது.

மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்குச் சட்டம் மாட்டிப் பார்த்து, காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுக்கிற வேலை. அடுத்த மாதம் முதல் அவளை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த ஊருக்கு ரயிலை விட்டால் வேறு வழியில்லை.

"நான் போயிட்டா என்னை எப்படிப்பா வந்து பார்ப்பீங்க?"

"நீ வந்து பாரு."

"எனக்கு உடம்புக்கு முடியலன்னா?"

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். அப்போது ரயில் எதுவும் வரவில்லை.

கூட வேலை செய்கிற ஒருத்தியின் வீட்டில், கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிற விளையாட்டை மகள் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நிஜமான தடம், நிஜமான சிக்னல். கையில் பிடித்து இழுக்க எஞ்சினில் இருப்பது போலவே ஒரு பிடியும் தனியாக விற்கிறார்களாம். ரயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள் என்று அவரைப் பார்க்கிற மருத்துவரும் சொல்லியிருந்தார். மகள் மூன்று நாள் கெஞ்சினாள், நாலாம் நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அவர் ஷூவை மாட்டிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் கடை ஒரு மாடியில். ஓர் ஆள் ஏறினால் இன்னோர் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. உள்ளே சுற்றிலும் வயிறு திறந்து கிடக்கிற பழைய பெட்டிகள், ஈயம் பற்றவைக்கிற வாடை. கடைக்காரர் நாற்பதைத் தாண்டியவர், ஸ்க்ரூடிரைவரைக் காதில் சொருகிக்கொண்டு அதையே தேடுகிற ரகம். வாய் நிற்காது. விலையை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

"சிமுலேஷன் கேமா? நல்லதாப் போச்சு. சுட்டுத் தள்ளுற கேம்னா கிராஃபிக்ஸ் கார்டு பெருசா வேணும், அதுக்கே சொத்தை எழுதிக் குடுக்கணும். உங்களுக்குப் பழைய மெஷின்லயே ஒண்ணு ஏத்திக் குடுத்துடலாம் சார். ராக்கெட்டு மாதிரி ஓடும்."

"ஓடுறது கிடக்கட்டும் தம்பி," என்றார் சிக்னல்காரர். "நிக்குமா?"

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் பெட்டியைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? நம்ம கடை மெஷின் நிக்கவே நிக்காது. நீங்க என்ன அமுக்கினாலும் சரி, அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்."

சிக்னல்காரர் முகம் வெளுத்துப் போயிற்று. திரும்பிப் படியிறங்கினார். வழியில் ஏறிவந்த ஒருவருக்காகச் சுவரோடு ஒட்டி நின்றார், அந்த ஆள் போன பிறகும் அப்படியே ஒட்டி நின்றார். மேலே மகள் கடைக்காரரிடம் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, ஹேங் ஆகுமான்னு கேக்குறாருன்னுல்ல நெனச்சேன்."

பத்து நாள் கழித்து, மகள் வாயைத் திறக்காமலே, அவராகவே கேட்டார். "அந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

இந்தத் தடவை கடைக்காரர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். மேஜையில் திரை, அதன் முன்னால் கறுப்புப் பிடி, கீழே மகள் சேர்த்துவைத்த காசுக்கு அடங்குகிற ஒரு பெட்டி. சிக்னல்காரர் உட்கார்ந்தார். இடது கை அதுவாகப் போய்ப் பிடியில் படிந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"பச்சை," என்றார்.

மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள் போலிருக்கிறது. "பச்சைங்க சார்," என்றார் கடைக்காரர்.

"அந்த 'ங்க'வும் வேணாம், சாரும் வேணாம். பச்சைன்னு மட்டும் சொல்லு தம்பி. அதுக்குள்ள நாலு தூண் தாண்டிடும்."

"பச்சை."

ரயில் நகர்ந்தது. மரங்கள் வந்தன, ஒரு பாலம் வந்தது, வளைவு வந்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார், வயிற்றில் தண்ணீர் அசையாமல். மகள் அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஸ்டேஷனில் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். "அடேயப்பா," என்றார் கடைக்காரர், மனசாரத்தான் சொன்னார். இரண்டாவது ஸ்டேஷனிலும் அப்படியே. மூன்றாவது வந்தபோது கையை எடுத்துவிட்டார். ரயில் நிற்காமல் ஸ்டேஷனைக் கடந்து போயிற்று.

"அப்பா, ஸ்டேஷன் போயிடுச்சுப்பா."

"யாருக்காக நிறுத்தணும்?"

பிளாட்பாரத்தில் பெஞ்சு இருந்தது, கடிகாரம் இருந்தது, குப்பைத்தொட்டி கூட இருந்தது. ஆள் ஒருவர் இல்லை.

"ஊரையே காலி பண்ணி வெச்சிருக்கியே தம்பி. எங்க எல்லாரும்?"

கடைக்காரர் மகளைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தாள். "அது வந்து சார், சின்ன மெஷின் பாருங்க, ஆளுங்க தாங்காது. செட்டிங்ல அவங்களை எடுத்துட்டேன். ஆளை எடுத்துட்டா சல்லுனு ஓடும்."

"மெஷின் தாங்காதா, நான் தாங்க மாட்டேனா?"

"நான்தாம்பா சொன்னேன்," என்றாள் மகள். "இப்போதைக்கு வேணாமேன்னு."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "ஆளுங்களைப் போடு," என்றார் கடைக்காரரிடம்.

போட்டார். மெஷின் மூச்சு வாங்க ஆரம்பித்தது, விசிறி இரைந்தது. திரை விட்டுவிட்டு அசைந்தது. நான்காவது ஸ்டேஷன் தூரத்தில் தெரிந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார். படம் ஒரு கணம் உறைந்தது. மறுகணம் அதே ஆள் பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்றார். நடந்து வந்ததைக் காணோம். சிக்னல்காரர் பிடியை இழுத்த இழுப்பில் மேஜையே நகர்ந்தது, மேலே இருந்த டம்ளர் சாய்ந்து டீ ஓடியது. அவர் நெற்றி முழுக்க வேர்வை.

"போதும்பா. எழுந்திருங்க. நாம வீட்டுக்குப் போலாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. "இது விட்டுவிட்டுக் காட்டுது," என்றார். "முதல்ல அங்க இருந்தாரு. அப்புறம் இங்க இருந்தாரு. நடுவுல என்ன நடந்துச்சு? அது தெரியணும். அது தெரியலன்னா எப்படி?"

யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கடைக்காரர்தான், பாவம், தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். "அது பிராசசர் வேலை சார். ஒவ்வொரு ஆளும் எங்க நடக்கணும், எப்ப திரும்பணும், எங்க நிக்கணும்னு அது யோசிக்குது. நூறு பேர்னா நூறு பேருக்கும் யோசிக்கணும். சின்னதால முடியாம முழி பிதுங்குது."

"ஒரு ஆளுக்கு அவ்வளவு யோசனை பிடிக்குதா?"

"பின்னே? மரம், மலை எல்லாம் சும்மா படம் சார். மனுஷன்தான் பாரம்."

சிக்னல்காரர் அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டினார், வெகுநாளாகத் தெரிந்த ஒன்றை வேறொருவர் வாயால் கேட்ட மாதிரி. பிறகு கேட்டார். "அதுக்குத் தோதான மெஷின் இருக்கா?"

இருந்தது. உள்ளறையில், யாரோ அலுவலகத்தைக் காலி செய்தபோது விற்றது. பிராசசர் பெரியது, மெமரி இருமடங்கு, பெட்டி மட்டும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் மகள் கொண்டுவந்த காசுக்கு ஒன்று அதை வாங்கலாம், இல்லாவிட்டால் சின்னதையும் பிடியையும் வாங்கலாம். பெரியதும் பிடியும் சேர்ந்து வராது. கடைக்காரர் மெதுவாகச் சொல்ல வேண்டியதை மெதுவாகவே சொன்னார்.

சிக்னல்காரர் பிடியிலிருந்து கையை எடுத்தார், ஒவ்வொரு விரலாக.

"இதை எடுத்து வெச்சுடு."

"அப்பா, அதுக்காகத்தானே வந்தோம்," என்றாள் மகள். "அதைப் பிடிச்சப்ப உங்க முகத்தை நான் பார்த்தேன்ப்பா."

"பிடி இல்லாம நிறுத்திக்குவேன் பாப்பா. ஆள் தெரியாம நிறுத்த முடியாது."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா? நான் கூட இருக்க மாட்டேன்பா."

"ஆனா ஆகட்டும். எனக்குத் தெரியட்டும்."

அவள் குனிந்து கீழே சிந்திய டீயை ஒரு பழந்துணியால் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்தாள். கடைக்காரர் நசுங்கிய பெட்டியைத் தூக்கிவந்து கம்பிகளை மாற்றிச் சொருகினார். வாய் நிற்காத மனிதர் அந்த அரைமணி நேரமும் பேசவே இல்லை. பிடி அட்டைப்பெட்டிக்குள் போய் அலமாரி ஏறியது.

"பிரேக்குக்கு இந்த பட்டன் சார். அமுக்கிப் பிடிச்சீங்கன்னா பிடிக்கும், விட்டா விட்டுரும்."

அவர் ஒற்றை விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். இந்த முறை ரயில் மெதுவாகத்தான் போயிற்று. வேகத்தை ஏற்ற நிறைய இடமிருந்தும் அவர் ஏற்றவில்லை. ஸ்டேஷன் கண்ணில் பட்டதுமே பட்டனை அமுக்க ஆரம்பித்துவிட்டார். பிளாட்பாரத்தில் ஆட்கள் இருந்தார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருத்தி, செய்தித்தாளோடு ஒருவர், விளிம்புக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் போன இன்னொருவர். எட்டிப்பார்த்தவர் ஒவ்வோர் அடியாகத் திரும்பி நடந்தது முழுசாகத் தெரிந்தது. மகள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தாள். ரயில் ஊர்ந்து, இன்னும் ஊர்ந்து, கோட்டுக்கு ஓர் ஆள் தூரம் முன்னாலேயே நின்றது.

"நின்னுடுச்சு சார்," என்றார் கடைக்காரர். "கையை எடுத்துடலாம்."

அவர் கையை எடுக்கவில்லை. இடது விரல் பட்டனை அமுக்கியபடி இருக்க, வலது கையை நீட்டி, திரையில் பிளாட்பாரத்தின் இந்த முனையில் நின்றவரைத் தொட்டார். ஒன்று. அடுத்தவரைத் தொட்டார். இரண்டு. உதடு மட்டும் அசைந்தது. பெஞ்சில் இருந்தவர்கள், தூணுக்குப் பின்னால் பாதி தெரிந்தவள் என்று ஒருவரையும் விடவில்லை. பதினாலுக்கு வந்தபோது செய்தித்தாள்காரர் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார். விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் திரையின் அந்த முதல் மூலைக்கே போய், முதல் ஆளிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தார்.