இரண்டாவது இன்ஜின்

எங்கள் இண்டூர் கிணற்றில் இரண்டு மோட்டார்கள். ஒன்றின் காயில் கம்பி எரிந்து நின்றுவிட்டால் மற்றொன்றை விடாமல் ஓட்டி, பாதித் தண்ணீரில் பயிரைக் காப்பாற்றிவிடுவோம். இரட்டை இன்ஜின் விமானம் ஓட்டப் பழகப் போனபோதும் எனக்கு அதே புத்திதான்.

ஒருநாள் நல்ல உயரத்தில், வேகம் குறைவாக இருந்த நேரம் பார்த்து, பயிற்சியாளர் சொல்லாமல் இடது இன்ஜினின் விசையை அடியோடு குறைத்தார். நான் வலது இன்ஜினுக்கு முழு விசை கொடுத்தேன். விமானம் ஏறவில்லை, இடப்பக்கம் திரும்பிக் கவிழப் பார்த்தது.

“வலதையும் குறைங்க! மூக்கை இறக்குங்க! வலது பெடலை மிதிங்க!” என்று கத்தினார்.

விசையைக் குறைத்து, மூக்கை இறக்கி, வால் சுக்கானைத் திருப்பும் அந்தப் பெடலை மிதித்த பிறகுதான் விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. எங்களைப் புரட்டப் பார்த்தது அடங்கிய இன்ஜின் அல்ல, ஒரு பக்கம் மட்டும் முழு விசையில் இழுத்த இன்ஜின்; அந்தக் குறைந்த வேகத்தில் அதை எதிர்த்துப் பிடிக்க வாலுக்குப் பலம் போதவில்லை. தரைக்கு அருகே என்றால் திருத்திக்கொள்ள இடமே இருந்திருக்காது.

உரிமம் வாங்கிய பிறகு ஊருக்குப் போனேன். “மேல போயி இஞ்சின் நின்னுபோச்சுன்னா என்ன கண்ணு பண்ணுவ?” என்று அம்மா கேட்டார்.

அண்ணன் முந்திக்கொண்டார். “நம்ம கெணத்து மோட்டாரு மாதிரிதாம்மா. ஒண்ணு நின்னா இன்னொண்ணு இழுத்துக்கும்.”

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாம்மா” என்றேன். நாற்காலிக்குக் கீழே என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.