முதலில் என்னைத்தான் எடுத்தார்கள்

பள்ளியில் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போதெல்லாம் கடைசியில் மிஞ்சுவது நான்தான். "சரி, நீயும் வா" என்று யாராவது அலுத்துக்கொண்டு சேர்த்துக்கொள்வார்கள். அதனால் நாற்பத்தொரு வயதில், ஆக்லாந்து நகர மையத்தில் எங்கள் அலுவலகத்துச் சாப்பாட்டு அறையில், வெள்ளைப் பலகையில் முதல் பெயராக என் பெயரை எழுதியபோது எனக்குத் தயிர்சாதம் புரையேறிவிட்டது.

அலுவலகத்துக்குள் நடக்கும் ஃபுட்பால் போட்டி அது. ஆணும் பெண்ணும் கலந்து, அணிக்கு ஏழு பேர். நான்கு கேப்டன்கள் முறைவைத்து ஆள் எடுப்பார்கள். மற்ற மூவரும் யார் நன்றாக ஓடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கேப்டன் மட்டும் வேறு மாதிரி. யாழ்ப்பாணத்துக்காரர், நெட்வொர்க் பிரிவில் வேலை, என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயர் கொடுத்த எல்லோரிடமும் முந்தின வாரம் ஒரு தாளை நீட்டியிருந்தார். வேலைக்கு ஆள் எடுக்கும்போது வைப்பார்களே, அந்த மாதிரி அறிவுத்திறன் தேர்வு. பன்னிரண்டு நிமிடம், முப்பது கேள்வி. எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதினோம். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். புதிர் என்றால் விடமாட்டேன். இருபத்தேழு வாங்கினேன்.

"தம்பி, நான் இதுவரைக்கும் பந்தை உதைச்சதே இல்ல" என்றேன்.

"பரவாயில்லை அக்கா. உதைக்கப் பழக்கலாம். யோசிக்கப் பழக்கேலாது."

அடுத்த கேப்டன், கிளப்பில் விளையாடும் ஒருவரைச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்தார். சிரித்தால் சிரிக்கட்டும். அன்று மாலை ரயிலில் நான் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றபடியே வீடுவரை வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் என் பன்னிரண்டு வயது மகள், "அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள். சனிக்கிழமை அவளையே வெஸ்ட்கேட் கடைவளாகத்துக்கு இழுத்துப்போய், அடியில் முள் வைத்த ஷூ வாங்கினேன்.

பயிற்சிக்கு முன்னால் கேப்டன் பலகையில் அம்புக்குறி போட்டுத் திட்டம் விளக்குவார். எனக்குத்தான் முதலில் புரியும். ஒருநாள், "இவர் முன்னாடி போயிட்டா இந்த இடம் காலியாயிடுமே?" என்று கேட்டேன். அவர் பலகையை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஓம்!" என்று கை தட்டினார்.

முதல் ஆட்டம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மங்கரே மைதானத்தில், ஒரு சனிக்கிழமை காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பத்து நிமிடத்திலேயே ஒன்றைக் கவனித்துவிட்டேன். எங்கள் கேப்டன் இடது தோளைத் தாழ்த்தினால் பந்து தூரத்துக் கோல் கம்பத்தை நோக்கித்தான் வரும். அடுத்த முறை தோள் தாழ்ந்ததும் ஓடிப்போய் அங்கே நின்றேன். வந்தது! ஓங்கி உதைத்தேன். கால் காற்றில் போனது, நான் சேற்றில் உட்கார்ந்தேன். இரண்டாம் முறையும் சரியான இடத்தில்தான் நின்றேன். பந்து ஷூவில் பட்டுப் பின்பக்கம் ஓடியது. கோட்டுக்கு வெளியே நின்று பார்த்த மகள் ஜாக்கெட் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் முறை உதைக்கவே நேரமில்லை. வேகமாக வந்த பந்து என் முழங்காலில் மோதி உள்ளே போனது. கோல்! நான் கத்திய கத்தலில் எதிரணிக் கோல்கீப்பரே சிரித்துவிட்டார். மகள் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான்குக்கு மூன்று என்று தோற்றோம். மற்ற இரண்டு கோலும் கேப்டன் போட்டவை.

ஆட்டம் முடிந்து ஈர பெஞ்சில் ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தபோது, "அந்தத் தேர்வுல உங்களுக்கு எவ்வளவு?" என்று கேப்டனிடம் கேட்டேன்.

ஷூவில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார். பிறகு, "ஒன்பது. எல்லாருக்கும் கீழ" என்றார். "பள்ளிக்கூடத்தில எங்கட கோச், உனக்குக் கால் மட்டும்தான் இருக்கு, தலை இல்லை எண்டு சொல்லுவார். நானும் நம்பிட்டன். தலை உள்ள ஆக்களா எடுத்தால் வெல்லலாம் எண்டு நினைச்சனான்."

அந்தக் கோச் மேல் எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டாவது கோல்ல ரெண்டு பேர் உங்களை மறிச்சாங்க. நடுவுல வழி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியேல்லை அக்கா. கால் போச்சுது."

"அதை அளக்க அந்தத் தாள்ல ஒரு கேள்விகூட இல்லையே தம்பி. என்னோட இருபத்தேழு என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோச்சு. அங்க போய் என்ன செஞ்சேன்னுதான் பாத்தீங்களே."

அவர் சிரித்துவிட்டார். அப்போதுதான் தோள் விஷயத்தைச் சொன்னேன். சுளையைக் கீழே போட்டுவிட்டார். "உண்மையாவோ? ஐயோ, மற்ற டீமுக்குச் சொல்லிப்போடாதேங்கோ!"

மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வென்றோம். அடுத்த வருடம் தேர்வும் இல்லை, தாளும் இல்லை. எல்லோரையும் மைதானத்தில் கால் மணிநேரம் பந்தோடு ஓடவிட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். நான் பதினொன்றாவது. கேப்டன்கள் போக இருபத்துநான்கு பேரில் பதினொன்று! அதை ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

இப்போது வியாழக்கிழமை மாலைகளில் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் மகள் கோல்கீப்பராக நிற்கிறாள், நான் அடிக்கிறேன். போன வாரம் இடது காலால் அடித்த ஒன்று அவள் விரலை உரசிக்கொண்டு உள்ளே போனது. அவள் கையை உதறிக்கொண்டே, "அகெய்ன்" என்றாள்.