ஓடச் சொன்ன பெயர்

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. குருநகரில் எங்களைப் போன்ற சில கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்களுக்கு மட்டும் போர்த்துக்கேயர் காலத்துப் பெயரொன்று வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோயிலில் சுவாமியார் கலியாண அறிவித்தல் வாசிக்கும்போதுதான் அது வெளியே வரும். மற்றபடி அதை ஒருவரும் சீண்டுவதில்லை.

எண்பத்து நாலில் எங்கோ ஒரு தேசத்துக்காரன் ஒலிம்பிக்கில் ஓடி வென்றான். பேப்பரைப் பார்த்தால் அவனுக்கும் எங்கள் பெயர்! ஏ லெவல் படித்துக்கொண்டிருந்த என் அண்ணையும் நல்ல ஓட்டக்காரர். பிறகென்ன, ஒழுங்கைச் சனம் முழுக்க அவரை அந்தப் பெயரால் கூப்பிடத் தொடங்கிவிட்டது. அண்ணைக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"உந்தப் பேருக்குச் சிலுவை எண்டு அர்த்தமடா," என்றார் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா. "சிலுவையைத் தோளிலை காவிக்கொண்டு ஆராவது ஓடுவாங்களே?"

"மாவட்டப் போட்டியிலை ஓடிக் காட்டுறன், பாருங்கோவன்."

போட்டிக்கு ஒரு கிழமைக்கு முதல் ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. ஆமியைக் கண்டால் ஓடக் கூடாது, ஓடினால் சுடுவான். செபத்தோடு சேர்த்து எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் அது. ஆண்களை றோட்டில் வரிசையாக இருத்தினார்கள். நானும் அம்மாவும் வேலிக்குள் நின்றோம். அண்ணையின் அடையாள அட்டையை வாசித்த ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு அரைகுறைத் தமிழில் சொன்னான்.

"ஒலிம்பிக் பேர்! நீ ஓடு, நான் பாக்க."

அண்ணை எழுந்து நின்றார், அசையவில்லை. அவன் துவக்கை நிமிர்த்தினான். "ஓடு!"

ஓடினாலும் சுடுவான், ஓடாவிட்டாலும் சுடுவான். எந்த நாசமாய்ப் போனவன் எங்களுக்கு இந்தப் பெயரை வைத்தான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா என் கையை நெரித்துக்கொண்டு நின்றார்.

"நட மோனை," என்றார் வரிசையில் தலையில் கை வைத்து இருந்த அப்பா, மெல்ல. "ஓடாதை. நட."

அண்ணை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி றோட்டு முடியும்வரை நடந்தார். பின்னால் அவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கடைசியில் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். அன்று அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

போட்டியன்று தொடக்க விசில் ஊதினார்கள். ஊர்ப் பெடியள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மற்றவர்கள் பாய்ந்தோடினார்கள். அண்ணை கைகளை விரித்துக்கொண்டு மெல்ல நடந்தார்.

"ஓடு மோனை!" அப்பா மைதான ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்திக் குழறினார். "இஞ்சை ஆமிக்காரன் ஒருத்தனும் இல்லை, ஓடு!"

அண்ணை நடந்துகொண்டே இருந்தார்.